முதலில் படித்தது கிழமைகள்

நெட்டையன் எனக்குத் தர வேண்டியிருந்தது இரண்டாயிரத்து நூற்று அறுபது யூரோ. எனக்கு ருமேனிய மொழி தெரியுமா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்குப் பதிலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய கூலிக்காரன் எவனும் ஆசைப்பட்டு ஒரு பாஷை படிப்பதில்லை. எனக்கு வர வேண்டிய பணம் அந்தப் பாஷைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் எடுக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

போன முறை விபத்து விசாரணையில் இதே அறையில் உட்கார்ந்து, தெரியாது என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டு, கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டீர்கள். கையெழுத்துதான் போட்டேன். அதை இப்போது திருத்திக்கொள்ளலாம். இந்த முறை நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். தமிழ் எழுத்தே எனக்கு முப்பத்தெட்டு வயதுக்கு மேல்தான் வந்தது. மனைவியின் தம்பி, என் மச்சினன், எங்கள் தங்கும் அறையில் சொல்லிக்கொடுத்தான். "மாமா, நீங்க எழுதற ழ-வைப் பாத்தா பாம்பு வலியில நெளியற மாதிரி இருக்கு" என்பான். இதைப் படித்துச் சொல்ல ஆள் வைப்பீர்கள். ஒரு வார்த்தையையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மக்காச்சோளம் கொட்டி வைக்கிற பெரிய தகர உருளைகள், ஆறு மாடி உயரம். ஈரம் ஏறினால் மேலே சோளம் ஆடை கட்டிக்கொள்ளும், பால் ஆறினால் கட்டுகிற மாதிரி. அடியில் சோளத்தை எடுக்க எடுக்க ஆடைக்குக் கீழே வெற்றிடம் விழும். அந்த ஆடையை யாராவது உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே ஒரு கைச்சக்கரத்தில். நெட்டையன் இறங்குவான். சக்கரம் என் கையில்.

அவன் ருமேனியாக்காரன். என்னைவிட ஒரு முழம் உயரம், அதனால் நாங்கள் வைத்த பெயர். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு உடைந்த பாஷை இருந்தது, அங்கே வேலை செய்கிற எல்லோரும் பேசுவது. ஆனால் ஜோடி போட்ட முதல் நாளே அவன் சொல்லிவிட்டான்.

"ஆபத்துன்னு வந்தா வாயில அவனவன் பாஷைதான் வரும். அப்ப நீ முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. என் பாஷையில நாலு வார்த்தை கத்துக்கோ."

"நான் உள்ள இறங்குனா நீ என் பாஷையைக் கத்துக்குவியா?" என்றேன்.

"நீ எங்க இறங்கறது? உன் தொப்பை வாசல்லயே மாட்டிக்கும்."

சூஸ் என்றால் மேலே. ஜோஸ் என்றால் கீழே. ஸ்தாய், நில். கத்தா, முடிந்தது. இதை நான் மொழி படித்த கணக்கில் சேர்ப்பதில்லை. இது வேலை. இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான்: உள்ளே இருப்பவன் மேலே என்று குரல் கொடுத்தால் சக்கரத்தில் இருப்பவன் காரணம் கேட்கக்கூடாது. முதலில் சுற்ற வேண்டும். ஆள் வெளியே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு என்ன ஏது என்று கேட்டுக்கொள்ளலாம்.

நல்லவனாகத்தான் இருந்தான். என்னை ஃப்ராதே என்று கூப்பிடுவான், கூடப் பிறந்தவன் என்று அர்த்தம். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, போனில் கத்திக் கத்தித் தன் தொண்டை போகிறது, காதுக்கு மெஷின் வாங்க வேண்டும் என்று கேட்டான். என் மகள் நர்சிங் படிப்புக்குச் சேர வைத்திருந்த பணம் அது. அவள் சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் தந்துவிடுகிறேன் என்றான். கொடுத்தேன்.

அப்புறம் நான் கேட்கும்போதெல்லாம் தா, தா என்று தலையாட்டுவான். அவர்கள் பாஷையில் அது ஆமாம். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, வாங்குனவன் குடுத்தவனைப் பாத்துத் தா தாங்கறான். இந்தக் கூத்தை வேற எங்க போய்ப் பாக்கறது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக நிற்க வைத்துக் கேட்டால், பொதுப் பாஷை திடீரென்று அவனுக்கு மறந்துபோகும். "புரியல, ஃப்ராதே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். சம்பளம் வாங்குகிற வரிசையில் புரிந்த பாஷை, என்னைக் கண்டால் மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

அப்போதுதான் முடிவு செய்தேன். அவன் பாஷையிலேயே கேட்டால் எந்தச் சாக்கு சொல்வான்?

அவனிடமேதான் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் உப்பை நீட்டி, கொடு என்பதற்கு என்ன என்று கேட்டேன். பேருந்துக்கு நிற்கும்போது, எப்போது என்பதைக் கேட்டு வாங்கினேன். பானி என்றால் பணம் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பாடம் எடுப்பது அவனுக்குப் பிடித்திருந்தது. நான் தப்பாகச் சொன்னால் நெற்றியில் அடித்துக்கொள்வான், சரியாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனையெல்லாம் கூப்பிட்டு மறுபடி சொல்ல வைப்பான். கடைசியாகக் கிழமைகளைக் கேட்டேன். லூன், மார்ட்ஸ், மியெர்குர், ஜோய், வினேர். ஏழு கிழமையையும் ஒப்பித்தேன். எனக்குப் பாஷையெல்லாம் வேண்டாம். என் கேள்விக்கு அவன் ஒரு கிழமையைச் சொல்ல வேண்டும். அந்தக் கிழமை எனக்குப் புரிய வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

இதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. ஒரு மாலை மகள் போன் செய்தாள். "சீட்டு போயிடுச்சுப்பா. பரவால்ல. துணிக்கடையில ஆள் எடுக்கறாங்களாம், நாளைக்குப் போய்ப் பாக்கறேன்." அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்று அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விபத்து அதற்கு மறுநாள்.

அன்று நான் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கும். உள்ளிருந்து என்னமோ கத்தினான், பாஷை புரியவில்லை, புரிந்து சக்கரத்தைச் சுற்றுவதற்குள் சோளம் அவனை மூடிவிட்டது. நான் பாடம் ஒப்பித்ததைப் பார்த்த கூலிக்காரர்களை யாரும் விசாரிக்கவில்லை, மற்ற எல்லோரும் அதை நம்பினார்கள். எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாதவனுக்கு வேற்றுப் பாஷை எப்படித் தெரியும்? சூப்பர்வைசர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பாஷை புரியாததால் நேர்ந்தது என்று முடித்தார்கள். ஒவ்வொரு உருளையின் வாயிலும் கை மேலே காட்டுகிற மாதிரி, கீழே காட்டுகிற மாதிரிப் படம் வரைந்த பலகை மாட்டினார்கள். நல்ல பலகைகள்தான்.

அவன் சாமான்களைக் கட்டி ஊருக்கு அனுப்பும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். ஜோடி ஆள் என்பதால். கட்டுவதற்கு முன்னால் தேடினேன், இதை மறைக்கப் போவதில்லை. சட்டைப் பைகள், ஷூவுக்குள் இருக்கும் அட்டை, பெட்டியின் உள்துணி, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு போட்டோ இருந்தது. அது உடைந்துவிடக்கூடாது என்று அவன் தலையணையை மேலே வைத்து அமுக்கிப் பெட்டியை மூடினேன். கனமாக இருந்ததாக நினைவில்லை.

சில வாரம் கழித்து நெட்டையனின் அம்மா போன் செய்தார். மகன் சில சமயம் என் போனிலிருந்து பேசியிருக்கிறான், அந்த எண் அவரிடம் இருந்தது. அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது மகன் பெயரும் ஒரு கேள்வியின் தொனியும்தான். தெரியாது, தெரியாது என்றேன். அவர் வைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துப் பொதுப் பாஷையில் சொல்ல வைத்தார். மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கம்பெனி மொழிபெயர்க்க ஆள் தருவதாகச் சொன்னதாம். வேண்டாம் என்றுவிட்டாராம். கேட்ட காது எதுவோ, அந்தக் காதுக்காரன் வாயால்தான் சொல்ல வேண்டும். உனக்குப் பாஷை தெரியாது என்றால் நான் சொல்லித்தருகிறேன், எனக்கு இனிமேல் வேறு வேலை என்ன இருக்கிறது என்றார்.

"மாட்டேன்னு சொல்லிடுங்க மாமா" என்றான் மச்சினன். நான் சரி என்றேன். ஏன் என்று கேட்டால், மறுத்தால் சந்தேகம் வரும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பாடம், முதல் சில வாரம் பக்கத்து வீட்டுப் பெண் அர்த்தம் சொன்னாள். இது கதவு, கதவு திறந்திருக்கிறது. இது தண்ணீர், தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. நீ சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன். நான் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன், மகனிடம் படித்த வார்த்தைகளைத் தெரியாதது போலக் கேட்டுக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்ததே இல்லை. எத்தனை தடவை தப்பினாலும் முதல் தடவை போலவே சொல்வார். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தந்ததில்லை. என் குரல் தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு நாள் சொன்னார். மகன் மெஷின் வாங்கிக் கொடுத்தானாம், சின்னது, காதுக்குப் பின்னால் இருப்பதே தெரியாதாம். அவன் சொன்னது பொய் இல்லை. நான் அந்த ஞாயிறு சீக்கிரம் வைத்துவிட்டேன்.

குளிர் வந்து போனது. ஒரு நாள் அவர் கேட்டார். "இப்ப உனக்குப் போதுமான பாஷை வந்திடுச்சு. சொல்லு. என் பிள்ளை கடைசியா என்ன சொன்னான்?"

மச்சினன் முன்பே வழி சொல்லியிருந்தான். "அம்மான்னு கத்துனான்னு சொல்லிட்டுப் போனை வைங்க. எல்லா ஊர்லயும் செல்லுபடியாகற பொய் அது." சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதம் பாடம் எடுத்தவர். அவரிடம் தப்பாக ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல மாணவன் என்று அவர் நினைக்க வேண்டும் என்றுகூட இருந்திருக்கலாம். அந்தச் சத்தம் முழுதும் என் காதிலேயே இருந்தது. அதில் சில வார்த்தைகளுக்கு எனக்கு அர்த்தம் தெரியும், ஒன்றுக்குத் தெரியாது. அவன் இழுத்த இடத்தில் இழுத்து, மூச்சு விட்ட இடத்தில் விட்டு, அப்படியே சொன்னேன்.

"சூஸ். சூஸ், ஃப்ராதே. பானி இன் பெர்னா. இன் பெர்னா, ஃப்ராதே. சூஸ்."

மறுபடி சொல் என்றார். சொன்னேன். போனை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம். அப்புறம் துணி கிழிகிற சத்தம், நீளமாக. திரும்ப வந்து போனை எடுத்தவரிடம், பெர்னா என்றால் என்ன என்று கேட்டேன்.

"அது அடுத்த ஞாயிறு பாடம்" என்றார்.

அடுத்த ஞாயிறு எப்போதும் போலத்தான் பேசினார்.

"நீ தூங்கும்போது உன் உடம்பு எங்க இருக்கு?"

"கட்டில்ல."

"உன் தலை?"

எனக்கு வார்த்தை இல்லை.

"பெர்னா" என்றார். "தலை பெர்னா மேல இருக்கு. சொல்லு."

சொன்னேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"தலையணைக்குள்ள என்ன இருக்கும்?"

"பஞ்சு."

"என் பிள்ளை தலையணையில வேற என்ன இருந்திச்சு? சொல்லு. உனக்கு வார்த்தை தெரியும்."

"பணம்."

"எவ்வளவு?"

எண்கள் எனக்கு நன்றாக வரும். இரண்டாயிரத்து நூற்று அறுபது என்று அவர் பாஷையில் தடுக்காமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அந்தத் தொகை எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர் கேட்டது வேறு.

"பணம் தலையணையில இருக்குன்னு சொன்னா, அது ஒரு பதில். நீ என்ன கேட்ட?"

நான் அவன் பாஷையில் தயாரித்த வாக்கியத்தை அவருக்குச் சொன்னேன். என் பணத்தை எப்போது கொடுப்பாய்? வாக்கியம் சரியாக இருக்கிறது என்றார். தப்பு ஒன்றும் இல்லை என்றார்.

இனி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வெளியே எங்கே கேட்டாலும் தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறவன், கயிற்றில் தொங்கும்போது எங்கேயும் போக முடியாது. அதனால் அங்கே கேட்பதென்று முன்பே நினைத்து வைத்திருந்தேன். நின்று பேசட்டும் என்று கயிற்றை அவன் கேட்டதைவிட இரண்டு முழம் கூடுதலாக விட்டிருந்தேன். ஆடை உடைந்து முழங்கால் வரை இறங்கியதும் முதல் முறை சூஸ் என்றான். அப்போது கேட்டேன். மேலே நிமிர்ந்து பார்த்தான், சிரித்தான்கூட. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அவனுக்கு ஒரு சந்தோஷம் போல. இடுப்பு வரை வந்தபோது பதில் சொன்னான். அந்தப் பதிலில் கிழமை இல்லை. திங்கள் இல்லை, வெள்ளி இல்லை. இன்னொரு சாக்கு என்று நினைத்தேன். அதனால் இரண்டாவது முறை கேட்டேன். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவன் எனக்குச் சொல்லித்தருகிற மாதிரி. அவன் அதையே மறுபடி சொன்னான். நான் கிழமைக்காகக் காத்திருந்தேன். சோளம் நெஞ்சுக்கு மேல் ஏறிவிட்டால் ஓர் ஆள் சக்கரம் சுற்றி எடுக்க முடியாது. பதினோரு வருடம் இந்த வேலை செய்கிறவனுக்கு அது தெரியாதா?

சத்தம் நின்ற பிறகு சுற்றினேன். முடிந்த மட்டும் சுற்றினேன். கை தோல் உரிந்ததை நீங்களே பார்த்துக் குறித்துக்கொண்டீர்கள்.

பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். படித்த வரிசையில்தான் தப்பு. கிழமைகளுக்கு முன்னால் வீட்டுச் சாமான்களின் பெயர்களைப் படித்திருக்க வேண்டும். கட்டில், போர்வை, தலையணை. எந்தப் பாஷையிலும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். யாராவது எனக்கு முறையாகச் சொல்லித்தந்திருந்தால் இன்று அவனும் இருப்பான், என் மகளும் வெள்ளை உடுப்பு போட்டிருப்பாள்.

போன வாரம் பணம் வந்தது, ஒரு துணிப்பையில். நோட்டுகளில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஊதி எடுத்துவிட்டு எண்ணினேன். இரண்டாயிரத்து நூற்று அறுபது, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மச்சினன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அதைத் தொடாதீங்க மாமா" என்றான். அவன் இப்போது வேறு அறைக்குப் போய்விட்டான்.

அந்த ஞாயிறு அவர் போன் செய்தார். வந்ததா என்றார். வந்தது என்றேன். எண்ணினாயா என்றார். எண்ணினேன், சரியாக இருக்கிறது என்றேன்.

"அப்படின்னா என் பிள்ளை இனி உனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல" என்றார். "இப்ப அவனை மேல தூக்கு."

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவர் வைக்கவில்லை, நான் செய்வேன் என்பது போலக் காத்திருந்தார். முன்பு சொன்னதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்குக் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான் என்று தேதியைப் பார்த்தால் தெரிகிறது.

கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ருமேனிய மொழி தெரியுமா என்ற இடத்தில், தெரியும் என்று போட்டுக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து என்று ஒரு கட்டம் இருந்தால் அதையும் காலியாக விட வேண்டாம். தலையணை எனக்குத் தெரிந்தது இந்த வருடம்தான். சூஸ் என்றால் என்னவென்று முதல் நாளே தெரியும்.